சர்க்கரை நோயும் நம் சாமனப்பள்ளியும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தைச் சத்தமில்லாமல் கரைப்பது சர்க்கரை நோய். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு என 2023-இல் வெளியான ஆய்வொன்று கூறியது.

2022 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை, 2030-க்குள் எட்டவேண்டிய இலக்குகளை வகுத்தது. நோயுள்ளவர்களில் 100-க்கு 80 பேருக்கு நோய் கண்டறியப்பட வேண்டும். அவ்வாறு கண்டறியப்பட்டவர்களில் 80 பேருக்குச் சர்க்கரையும், 80 பேருக்கு இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த நோயாளிகளில் 60 பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கிடைக்க வேண்டும். முதல் வகை நோயாளிகளுக்கு மட்டும் 80 அல்ல, 100! ஏனெனில் இன்சுலின் இல்லாமல் அவர்கள் உயிர் வாழ முடியாது. இவர்களில் பலர் நம்மைப் போன்ற பிள்ளைகளே. 1922-இல் டொரொண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற லியோனார்டு தாம்சனுக்கு வயது 14தான்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நோயாளி ஆஸ்பத்திரி வரிசையில் காத்து நின்று ஒரு நாள் கூலியை இழக்காமல், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, மாத்திரைகளைக் கொடுக்கும் ஏற்பாடு இது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது.

பலன் என்ன? நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 2020-ஆம் ஆண்டு மாநிலக் கணக்கெடுப்பில் 100-க்கு 10.8 பேர், அடுத்த கணக்கெடுப்பில் 16.7 பேர். ஜெனீவாவின் அளவுகோல் சற்று வேறானது என்றாலும், 80 எங்கே, 17 எங்கே?

மருந்து வீடு தேடி வந்தும் ஏன் இந்தத் தாமதம்? வலி இல்லாத நோய் இது. இரண்டு மாதம் மாத்திரை போட்டதும் உடம்பு தேறிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். விரல் நுனிச் சோதனை அந்த வேளையின் அளவை மட்டுமே காட்டும்; முதல் நாள் பத்தியம் இருந்தே அதை ஏமாற்றலாம்! மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையை யாரும் ஏமாற்ற முடியாது.

நம் ஓசூர் சிப்காட் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருவோர்க்கு உணவு வேளையும் உறக்க வேளையும் மாறிக்கொண்டே இருக்கும். பகலில் தன்னார்வலர் வரும்போது வீட்டில் ஆள் இருக்கமாட்டார். கனத்த பூட்ஸ் காலைக் கடித்தாலும், நரம்பு மரத்துப்போனவருக்கு அது தெரியாது. சிறு கொப்புளம் புண்ணாகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். இவர்களை எண்ணித்தான் 2024 ஜனவரியில், தொழிற்சாலைக்குள்ளேயே சோதனை செய்யும் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. “வேலைக்குப் போயிருந்தேன்” என்று நம் அப்பாக்கள் இனித் தப்பிக்க முடியாது! வீட்டில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பூட்ஸைக் கழற்றியதும் அவர்கள் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நாமே பார்த்துவிடலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.