பாதியில் நின்ற பின்னலும் மிஞ்சிய நூலும்

கையால் பின்னிய ஸ்வெட்டரின் முதுகுப் பாகத்தை எடுத்துப் பார்த்தால், நூல் உருண்டை மாறிய இடங்களைத் தவிர, அது ஒரே இழையின் ஓட்டம். இழை வளைந்து ஒரு கண்ணியாகிறது. அந்தக் கண்ணிக்குள் நுழைந்து அடுத்த வரிசையின் கண்ணி வெளியே வருகிறது. இடையில் எங்கும் முடிச்சு கிடையாது. ஊசியை உருவிவிட்டு இழையை இழுத்தால், பின்னிய அத்தனையும் வந்த வழியே பிரிந்து மறுபடி நூலாகிவிடும். தப்பாக வெட்டிய ரவிக்கைத் துணியை இப்படி மீட்க முடியாது. திருப்பூர் இயந்திரங்களில் ஓடும் பனியன் துணியும் இதே கண்ணி அமைப்புதான். இழுத்தால் அது நீள்வதும் அதனால்தான். ஆனால் அந்தத் துணியை வெட்டித் தைப்பதால் இழை துண்டாகிவிடுகிறது. கைப்பின்னலில் கத்தரிக்கோலுக்குப் பெரிதாக வேலையில்லை. கழுத்து வளைவும் கையின் சரிவும் பின்னும்போதே உருவாகிவிடுகின்றன.

பல ஆண்டுகளாகப் பையில் கிடக்கும் பாதிப் பின்னல்களையும், மிஞ்சிய உல்லன் நூல் உருண்டைகளையும் என்ன செய்வது என்று யோசிக்கும்போது, இந்த ஒரு குணத்தைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும். பாதியில் நின்ற ஸ்வெட்டரை முடிக்கலாம், வேறொன்றாக மாற்றலாம், நூலாகவே திரும்பப் பெறலாம். மூன்றில் எதைச் செய்தாலும் நூல் வீணாவதில்லை.

வேலை ஏன் பாதியில் நிற்கிறது? பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. முதுகையும் முன்பாகத்தையும் ஆர்வமாகப் பின்னியவர் இரண்டாவது கையில் வந்து நின்றுவிடுகிறார். முதல் கையில் செய்ததையே மறுபடி செய்வது சலிப்பு. காலுறை பின்னுபவர்களுக்கும் இதே கதை, ஒற்றைக் காலுறையோடு நின்றுபோனவை ஏராளம். சில வேலைகளில் நூல் தீர்ந்து, அதே நிறம் கடையில் கிடைக்காமல் போயிருக்கும். சிலவற்றில் நடுவே ஒரு தவறு நேர்ந்து, எங்கே என்று கண்டுபிடிக்க மனம் வராமல் மடித்து வைத்திருப்பார்கள். குழந்தைக்கென்று தொடங்கியது என்றால் குழந்தை வளர்ந்துவிட்டது. காரணம் எது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. சலிப்பால் நின்றதை முடித்துவிடலாம். அளவு பொருந்தாமல் நின்றதை முடித்துப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்துப் பரப்பிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் எந்த எண் ஊசி மாட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்த முறையில் எண் கூடக் கூட ஊசி மெலிகிறது: 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25, 14-ஆம் எண் 2. அமெரிக்க எண்கள் இதற்கு நேர்மாறானவை. எண் கூடினால் ஊசி தடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பின்னல் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கிய வேலை கைவிடப்பட்டதற்கு இந்தக் குழப்பமே காரணமாக இருந்திருக்கலாம். ஊசியில் எண் அழிந்திருந்தால் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டால் போதும்.

முடிப்பதா, பிரிப்பதா என்ற முடிவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இத்தனை மாதம் உழைத்ததைப் பிரிப்பதா என்ற எண்ணம் கையைப் பிடித்து இழுக்கும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மனப்போக்கைப் பற்றியதுதான்: ஏற்கெனவே பணமோ உழைப்போ செலவிட்டோம் என்ற ஒரே காரணத்துக்காக, இனிப் பலன் தராத ஒன்றையும் மனிதர்கள் தொடர்கிறார்கள். பின்னலில் கேட்க வேண்டிய கேள்வி, முடித்தால் யாராவது இதை அணிவார்களா என்பதே. அணிவார்கள் என்றால் முடிக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் பிரிக்க வேண்டும். அரைகுறை ஆசையோடு மறுபடி பைக்குள் வைப்பதுதான் மூன்றிலும் மோசமான முடிவு; நூலும் கிடைக்காது, உடையும் கிடைக்காது.

பழைய வேலையைத் தொடர்பவர் முதலில் கவனிக்க வேண்டியது தம் கையின் இறுக்கம். சில ஆண்டுகள் கழித்து அதே நூலை அதே ஊசியில் பின்னினாலும் கண்ணிகள் முன்னைவிடத் தளர்வாகவோ இறுக்கமாகவோ விழலாம். பழைய பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணி, ஒரு சிறு மாதிரி பின்னி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். கண்ணிகள் குறைவாக வந்தால் ஒரு படி மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக வந்தால் ஒரு படி தடித்த ஊசிக்கும் மாற வேண்டும். எந்த வரிசையில் நின்றது என்று தெரியாவிட்டால், சந்தேகமில்லாமல் தெரியும் வரிசை வரை பிரித்துவிட்டு அங்கிருந்து தொடங்குவது பாதுகாப்பு. பிரிக்கும் முன் அந்த வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய தையல் நூலைக் கோத்துவிட்டால், பிரிந்து வரும் கண்ணிகள் அங்கே தாமாக நின்றுகொள்ளும்.

நூல் போதவில்லை என்றால் வழி இருக்கிறது. ஆலைகளில் நூலுக்குச் சாயம் ஏற்றும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு லாட் நம்பர் தருகிறார்கள். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் நம்பர் வேறென்றால், உடையில் அந்த மாற்றம் கோடு போட்டதுபோல் தெரியும். பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கலந்து மறைந்துவிடும். ஒத்த நிறமே கிடைக்காவிட்டால் முற்றிலும் வேறு நிறத்தைத் துணிந்து எடுக்கலாம். கழுத்துப் பட்டி, கையின் மணிக்கட்டு, கீழ் ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் அதே நிறம் வந்தால் அது திட்டமிட்ட அழகாகவே தோன்றும். ஒரு கையில் மட்டும் வந்தால்தான் நூல் தீர்ந்தது ஊருக்கே தெரியும்.

பிரிப்பதிலும் முறை உண்டு. தனித்தனிப் பாகங்களாகப் பின்னித் தைத்த ஸ்வெட்டர் என்றால் முதலில் தையலைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் பின்னி முடித்த முனையிலிருந்து இழுக்க வேண்டும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். பிரிந்து வரும் நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே உருண்டையாகச் சுற்றிப் பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக அமையாது. நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் தொங்கவிட வேண்டும். ஆட்டு ரோம நூல் ஏறக்குறைய முழுதும் நிமிர்ந்துவிடும். சூடான நீரில் போட்டுக் கசக்கினால் ரோமங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நூல் கம்பளமாகிவிடும் என்பதால் நீரின் சூட்டில் கவனம் வேண்டும். அக்ரிலிக் நூல் அவ்வளவு எளிதில் நிமிராது. அதற்காக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நூல் தட்டையாகி, இழுவைத் தன்மையை நிரந்தரமாக இழந்துவிடும்.

இந்தப் பிரித்துப் பின்னும் வேலை ஒரு நாடு முழுவதும் நடந்த காலம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று துணிக்குப் பங்கீடு வந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் தர வேண்டியிருந்தது. கிழிந்த, சிறிதாகிப்போன கம்பளி உடைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னுவது அங்கே குடும்ப வழக்கமாயிற்று. இருப்பதைச் செப்பனிட்டு அணிவது எப்படி என்று விளக்கி அரசே 1943-இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. போர் முடிந்தும் துணிப் பங்கீடு தொடர்ந்தது. 1949 மார்ச்சில்தான் நீங்கியது.

லேபிள் இல்லாத மிச்ச நூல் எந்த வகை என்று அறிய ஒரு பழைய சோதனை போதும். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் தீயில் காட்ட வேண்டும். ரோமம் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கியதும் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். இந்தச் சோதனையைச் செய்து நூல்களை வகை பிரித்துவிட வேண்டும். ஒரே போர்வையில் ரோம நூலும் அக்ரிலிக்கும் கலந்தால், துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது.

அடுத்து கனம். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் மிச்ச நூல் கணக்கு மிக எளிது. 100 கிராம் உருண்டையில் 250 மீட்டர் என்று லேபிள் சொன்னால், மிஞ்சிய 20 கிராமில் 50 மீட்டர் இருக்கிறது. பின்னிக்கொண்டிருக்கும்போது நூல் எத்தனை வரிசைக்கு வரும் என்பதையும் இப்படியே அறியலாம்: உருண்டையை எடை போட்டு, பத்து வரிசை பின்னி, மறுபடி எடை போட்டால் கணக்கு கிடைத்துவிடும். கடைசியில் கண்ணிகளை அடைக்க, துணியின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு நூலை ஒதுக்கி வைக்க வேண்டும். மெல்லிய நூல்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். தடிமன் கூடுவதோடு, இரண்டு நிறம் கலந்து வரும் தோற்றம் தனி அழகு.

சிறு மிச்சங்களுக்கு மூலைச் சதுரத்தைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. மூன்று கண்ணிகளில் தொடங்கி, எல்லா வரிசையையும் சாதாரண நேர்க் கண்ணிகளாகவே பின்னி, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முக்கோணம் வளரும். நூலின் எடையில் பாதி தீர்ந்ததும், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணியைக் குறைத்துக்கொண்டே வந்தால் எதிர் மூலையில் சதுரம் முடிந்துவிடும். எத்தனை கண்ணி என்று முன்கூட்டித் திட்டமிட வேண்டாம், கை இறுக்கம் பற்றிய கவலை வேண்டாம். இருக்கும் நூலே சதுரத்தின் அளவைத் தீர்மானிக்கும். பருத்தி நூலில் பின்னினால் பாத்திரம் துடைக்கும் துணி. 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரங்கள் அகலத்தில் 8, நீளத்தில் 10 என 80 சேர்ந்தால் 120-க்கு 150 சென்டிமீட்டர் போர்வை. அதற்கு நடுத்தரத் தடிமனில் சுமார் ஒரு கிலோ நூல் செல்லும். பலர் சேர்ந்து செய்யவும் இது ஏற்ற வேலை. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் குரோஷாப் போர்வை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்ப் பெண்கள் பின்னிய சதுரங்கள் ஒன்றுசேர்ந்துதான் அது உருவானது.

நிறங்கள் பலவாக இருந்தும் ஒவ்வொன்றும் கொஞ்சமே இருந்தால், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றான ஃபேர் ஐலின் முறை கைகொடுக்கும். உடை முழுவதும் பல நிறம் தெரியும், ஆனால் எந்த ஒரு வரிசையிலும் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது. பயன்படாத நிறம் துணியின் பின்புறமாக ஓடிவரும். அதனால் துணி இரட்டிப்பு அடர்த்தி பெற்றுக் குளிரை நன்றாகத் தடுக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும் உடை, சமவெளிக்கு அல்ல. சமவெளியில் பயன்படக்கூடியது பச்சிளங்குழந்தையின் தொப்பி. பிறந்த குழந்தை, அதிலும் குறைமாதத்தில் பிறந்தது, தலை வழியாக உடல் சூட்டை வேகமாக இழக்கிறது. 25 கிராம் மென்மையான நூலில் ஒரு தொப்பி முடிந்துவிடும். மருத்துவமனைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் எந்த வகை நூல், எப்படித் துவைக்கத்தக்கது என்பதை முதலில் அங்கே கேட்டுவிட்டுப் பின்னுவது நல்லது.

எதற்கும் உதவாத துண்டுகளும் கழிவல்ல. கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கும் முறையை 1813-இல் இங்கிலாந்தின் பாட்லி நகரில் பெஞ்சமின் லா தொடங்கினார். இன்று அந்தத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று ஹரியானாவின் பானிபட். உலகெங்கும் கழித்துக் கட்டப்படும் கம்பளி உடைகள் அங்கே போர்வைகளாகின்றன.

பின்னியவரே இல்லாமல் போன வேலைகளும் உண்டு. அமெரிக்காவில் 2022-இல் ஜென் சிமோனிக், மேசி கப்லன் என்ற இரு தோழியர் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தோழி ஒருவரின் தாய் இறந்தபோது பாதியில் விட்டுப்போன போர்வைகளை யார் முடிப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்த அமைப்பு அது. இறந்தவர்களும் உடல் இயலாமல் போனவர்களும் விட்டுச்சென்ற கைவேலைகளை, அந்தக் கலை தெரிந்த தன்னார்வலர்கள் முடித்துக் குடும்பத்திடம் திருப்பித் தருகிறார்கள். அப்படி எடுத்து முடிப்பவருக்குப் பெரிய உதவி, பின்னியவர் எழுதிவைத்த குறிப்பு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்து அவர் மனத்தில் இருந்ததை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஊசியில் இப்போது ஏதாவது வேலை இருந்தால், பையில் ஒரு சீட்டும் வைத்துவிடுங்கள். ஊசியின் எண், நூலின் பெயரும் லாட் நம்பரும், எந்த வடிவம், யாருக்காக என்ற நான்கு விவரங்கள் போதும். ஓராண்டு கழித்துத் திறக்கும் உங்களுக்கும், ஒருவேளை உங்களுக்குப் பதிலாகத் திறப்பவருக்கும், அந்த வேலையை முடிக்க அதுவே உதவும்.