சைக்கிள் பந்தயம் பார்க்க பிரான்சு போகிறீர்களா?
டிக்கெட் இல்லை! சாலை ஓரத்தில் நின்றால் போதும்!

உலகத்திலேயே பெரிய சைக்கிள் பந்தயம் பிரான்சு நாட்டில் நடக்கிறது. "தூர் தெ பிரான்சு" என்று அதற்குப் பெயர். பிரான்சைச் சுற்றி வருவது என்று பொருள்.

வழக்கமாக ஜூலை மாதம் நடக்கும். 3 வாரம், 21 கட்டம், சுமார் 3,400 கிலோ மீட்டர்! நடுவில் 2 நாள்தான் ஓய்வு.

இந்தப் பந்தயத்தைத் தொடங்கியது ஒரு பத்திரிகை! "லோட்டோ" என்ற பாரீஸ் பத்திரிகை, விற்பனையைப் பெருக்க 1903-ம் ஆண்டு இதை நடத்தியது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. 1919-ல், மொத்த நேரக் கணக்கில் முன்னால் நிற்கும் வீரருக்கு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பனியனுக்குத்தான் போட்டி!

எங்கே நிற்பது?

பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அடுத்த ஆண்டுப் பாதையை முந்திய அக்டோபரிலேயே அறிவித்துவிடுவார்கள். அதைப் பார்த்தபின் அறை பிடிக்க வேண்டும். தாமதித்தால் மலை ஊர்களில் இடம் கிடைக்காது. இந்தியர்களுக்கு "செங்கன்" விசாவும் வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து மனுப் போடலாம்.

சமவெளியில் நின்றால் ஏமாற்றம்தான். "விர்" என்று ஒரு சத்தம். அத்தனை பேரும் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள்! இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று குழந்தைகள் கேட்பார்கள்.

மலைப் பாதை அப்படி அல்ல. ஏற்றத்தில் வேகம் குறையும். கூட்டம் சிதறும். ஒவ்வொருவராக, மூச்சு வாங்க, வருவார்கள். ஆல்ப்ஸ் மலையில் "ஆல்ப் துவெஸ்" என்ற இடத்துக்கு 21 கொண்டை ஊசி வளைவு! அங்கே பந்தயம் வரும் ஆண்டில், குடும்பங்கள் பல நாள் முன்பே வண்டியோடு வந்து இடம் பிடித்துவிடும்.

மலையில் கடை இராது. வெயில் சுடும், திடீரென்று குளிர் மழையும் கொட்டும். தண்ணீர், தொப்பி, கம்பளிச் சட்டை மூன்றும் வேண்டும்.

பரிசு மழை! கவனம்!

வீரர்கள் வருவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு விளம்பர வண்டிகள் ஊர்வலமாக வரும். தொப்பி, சாவி வளையம், மிட்டாய் என்று வாரி வீசுவார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்!

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. 2002-ம் ஆண்டு 7 வயதுச் சிறுவன் ஒருவன் விளம்பர வண்டியில் அடிபட்டு இறந்தான். பொருள் எதிர்ப்பக்கம் விழுந்தால் விழட்டும். குழந்தையின் கையை விடக்கூடாது. சிறு குழந்தைகள் இருந்தால், தடுப்புக் கம்பி போட்ட இடமாகப் பார்த்து நிற்பதே மேல்.

பெரியவர்களும் புத்தியோடு நடக்க வேண்டும். 2021-ல் ஒரு பெண், தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையை டெலிவிஷன் காமிராவுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். வீரர்கள் வருவதைப் பார்க்கவில்லை. அட்டையில் மோதி ஒருவர் விழ, அவர்மேல் பலர் விழுந்தார்கள்!

கொல்லன் பட்டறையில் ஒரு வீரர்

பிரனீஸ் மலைப் பக்கம் போகிறவர்கள் சேந்த் மரீ தெ கம்பான் என்ற கிராமத்தையும் பார்க்கலாம். 1913-ல் யூஜீன் கிறிஸ்தோப் என்ற வீரர் தூர்மலே கணவாயில் இருந்து இறங்கும்போது, சைக்கிளின் முன் போர்க் முறிந்தது. யாரும் உதவக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பல கிலோ மீட்டர் நடந்தார். இந்தக் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சிச் சரிசெய்தார்! பக்கத்தில் நின்று கண்காணித்த அதிகாரிகள், துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்று அதற்கும் தண்டனை போட்டார்கள்!

6 ஆண்டு கழித்து முதல் மஞ்சள் பனியனை அணிந்தவர் இவரே. அந்த ஆண்டும் போர்க் முறிந்தது. கடைசிவரை அவர் இந்தப் பந்தயத்தில் வெல்லவே இல்லை. பட்டறை இருந்த இடத்தில் அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது.

கடைசி வீரருக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் அந்த வண்டிக்கு "துடைப்ப வண்டி" என்று பெயர். அது போன பிறகும் சாலை உடனே திறக்காது. திறந்தாலும், மலையை விட்டு இறங்கப் பல மணி நேரம் ஆகும். காலையில் கட்டிய சாப்பாட்டில் பாதியை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.