பிளந்த நிலத்தின் வழியே

பாரிஸில் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளோடு பிரான்ஸையும் ஜெர்மனியையும் சுற்றிவரக் கிளம்புகிறவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் குறிப்பது கோட்டைகளையும் தேவாலயங்களையும்தான். நல்ல இடங்களே. ஆனால் அந்த வரைபடத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் தொடங்கி, பிரான்ஸின் நடுப்பகுதி, பர்கண்டி, அல்சாஸ், ரைன் சமவெளி என்று மேலேறி, வட கடல் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பிளவு அது. தெற்கேயிருந்து ஆப்பிரிக்கா நெருக்கி, ஆல்ப்ஸ் மலை உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதன் முன்னே கிடந்த நிலம் பக்கவாட்டில் இழுபட்டு விரிந்தது. விரிந்த இடங்களில் தரை நீளமான பட்டைகளாகக் கீழே இறங்கியது. இறங்கத் தொடங்கி ஏறக்குறைய மூன்றரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பயணத் திட்டத்தை இந்தப் பிளவின் மேலேயே போடலாம் என்பதுதான் என் யோசனை. குழந்தைகளுக்குப் பத்தாவது கோட்டை நினைவில் நிற்பதில்லை. காலடியில் நிலம் கீழே போனது, அதற்குள் கடல் வந்தது, ஓரத்தில் எரிமலை வெடித்தது என்று ஒரே கதை நாளுக்கு நாள் வளர்ந்தால் அது நிற்கும்.

பாரிஸிலிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினால் கிளெர்மோன்-ஃபெரான். நகரத்தின் பேராலயம் கறுப்பாக இருக்கும். புகையால் கறுத்ததல்ல, அருகே வோல்விக்கில் வெட்டியெடுத்த எரிமலைக்கல்லால் கட்டியது. அந்தக் கல் எரிமலைக் குழம்பு உறைந்தது என்பது 18-ஆம் நூற்றாண்டு வரை படித்தவர்களுக்கே தெரியாது. 1751-இல் அந்தப் பக்கம் பயணம் செய்த ழான்-எத்தியேன் கெத்தார், முலான் ஊரில் ஒரு மைல்கல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே வோல்விக் வந்து சேர்ந்தார். சுற்றியிருந்த குன்றுகள் எல்லாம் அணைந்த எரிமலைகள் என்று அறிவித்தார். பிரான்ஸின் நடுவில் எரிமலைகளா என்று கேட்ட காலம் அது.

இன்று அங்கே சுமார் 80 எரிமலைகளை எண்ணியிருக்கிறார்கள். வடக்கு தெற்காக ஒரே வரிசை. பக்கத்திலேயே அதற்கு இணையாக லிமாஞ் பிளவுச்சுவர். கீழே சமவெளி, மேலே பீடபூமி, இடையே ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம். சமவெளி இறங்கியது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். இந்த எரிமலைகள் கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் பிறந்தவை. பிளவும் எரிமலையும் பக்கத்தில் பக்கத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் என்பதால் 2018-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றில் உயர்ந்தது புய் தெ தோம், 1,465 மீட்டர். உச்சிக்கு உங்கள் வண்டியை விடமாட்டார்கள். அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பற்சக்கர ரயிலில் ஏற வேண்டும், அல்லது நடக்க வேண்டும். ஏறும் முன் பிள்ளைகள் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்துவையுங்கள். உச்சியில் அது உப்பியிருக்கும். காரணத்தை உலகத்துக்குக் காட்டியதும் இதே மலைதான். கிளெர்மோனில் பிறந்த பிளேஸ் பாஸ்கல், காற்றுக்கு எடை உண்டென்றால் மேலே போகப் போக அதன் அழுத்தம் குறைய வேண்டும் என்று யோசித்தார். உடல்நலம் குன்றிய அவரால் மலையேற முடியாது. அக்காள் கணவர் ஃப்ளோரான் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயோடு ஏறினார். அதே மாதிரி இன்னொரு குழாயை நகரத்தின் மடத்துத் தோட்டத்தில் ஒரு துறவியின் காவலில் வைத்துவிட்டுப் போனார். கீழிருந்த குழாயில் நாள் முழுதும் மாற்றமில்லை. மேலே போனதில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. அந்த இரண்டாவது குழாய்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மாறாமல் நின்ற குழாய் இல்லாவிட்டால் மாறிய குழாய் எதையும் நிரூபித்திருக்காது. காற்றழுத்தமானி உள்ள கைபேசிகள் இரண்டு இருந்தால், ஒருவர் கீழே வண்டியில் காத்திருக்க, குடும்பமே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யலாம்.

அடுத்த நாள் நீண்ட ஓட்டம்: பர்கண்டியைக் கடந்து அல்சாஸுக்கு. இங்கே சில நடைமுறைச் செய்திகள். பிரெஞ்சு நெடுஞ்சாலைகளில் சுங்கம் உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்குக் காரைவிடக் கூடுதல் கட்டணம். ஜெர்மனியில் கேம்பர்வேனுக்குச் சுங்கம் கிடையாது, ஆனால் பல நகரங்களுக்குள் நுழைய முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். லாரிகளுக்கும் அன்று தடை. ஆகவே சனிக்கிழமை அரிசி, பால், காய்கறி வாங்கிக்கொண்டு ஞாயிறன்று நீண்ட தூரத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எடை. சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வண்டிகளுக்குப் பொதுவாக 3.5 டன் எல்லை. வெறும் வண்டியே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ போனது. மலையேறும் நாளில் தொட்டியைக் கால்பங்கோடு வைத்திருந்து, கீழே இறங்கிய பின் முகாமில் நிரப்பிக்கொள்ளலாம்.

அல்சாஸில் ஏறப்போகும் அந்த மலை வோஜ். அதன் முகட்டோடு செல்லும் சாலையை முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் அமைத்தது. அதில் போய்க் கிரான் பலோன் சிகரத்தருகே நின்று கிழக்கே பாருங்கள். காலடியில் அல்சாஸ் சமவெளி, நடுவில் ரைன், அதற்கப்பால் கருங்காட்டு மலைகள். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் நான் இங்கே நிற்பேன். இக்கரை மலையும் அக்கரை மலையும் ஒன்று. அதே கிரானைட், அதே நைஸ் பாறை, மேலே அதே சிவந்த மணற்கல். கிரான் பலோன் 1,424 மீட்டர், எதிரே ஃபெல்ட்பெர்க் 1,493 மீட்டர். ஒரே மேட்டின் நடுப்பகுதி, வளைவின் இரு தூண்களும் விலகியபோது நழுவும் நடுக்கல்லைப் போல, உள்ளே இறங்கிவிட்டது. பாசலிலிருந்து ஃபிராங்ஃபர்ட் பக்கம் வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளம், 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். நீங்கள் பார்க்கும் தட்டையான தரை அந்தப் பள்ளத்தின் அடி அல்ல. உண்மையான அடி சில இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலுள்ளதெல்லாம் பிறகு வந்து நிரம்பிய மண்ணும் மணலும் உப்பும்.

உப்பு எப்படி வந்தது? கடல் வந்ததால். பள்ளம் தாழ்ந்தபோது கடல்நீர் உள்ளே புகுந்து, வழியடைபட்டு, வற்றியது. முலூஸ் அருகே வித்தல்ஸ்ஹைமில் 1904-இல் துளையிட்டவர்களுக்குப் பொட்டாஷ் உப்புப் படிவம் கிடைத்தது. அதன்மேல் ஒரு சுரங்கத் தொழிலே எழுந்து 2002 வரை நடந்தது. பிரான்ஸின் வயல்களுக்கு உரமானது காணாமல்போன ஒரு கடல்.

முகட்டிலிருந்து செர்னே ஊருக்கு இறங்கும் சாலையில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தை இழக்கிறீர்கள். மூன்றரை டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற ஆற்றல், நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு பிரேக் தட்டுகளில் சேரும். சூடேறிய பிரேக் பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சினின் தடையில் இறங்குங்கள். பின்னால் வருபவர் பொறுக்கட்டும். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிட்டால் போயிற்று.

இரவு முகாமில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்வார்கள். தூக்கத்துக்காக மட்டுமல்ல. பல கேம்பர்வேன்களில் குளிர்பெட்டி எரிவாயுச் சுடரில் இயங்குகிறது. நெருப்பு குளிரை உண்டாக்குகிறது! 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்ட வழி இது. சுடர், நீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக்கிப் பிரிக்கிறது. ஆவி குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருந்து வெப்பத்தை இழுக்கிறது. மோட்டார் இல்லை, சத்தமில்லை. திரவத்தைச் சரியான திசையில் ஓடவைப்பது புவியீர்ப்புதான். அதனால்தான் வண்டி மிகவும் சாய்ந்தால் பால் கெட்டுப்போகிறது.

ரைனைப் பிரைசாக்கில் கடந்தால் ஜெர்மனி. இந்த ஆறு இவ்வளவு நேராக ஓடுவது இயற்கையல்ல. 1817-இல் யோஹான் காட்ஃபிரீட் துல்லா என்ற பொறியாளரின் திட்டப்படி வளைவுகளை வெட்டத் தொடங்கினார்கள். 1876-இல் வேலை முடிந்தபோது பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையே ஆறு 81 கிலோமீட்டர் குறைந்திருந்தது. சதுப்புகள் வற்றி மலேரியா தணிந்தது. நீர் வேகம் கூடி ஆறு தன் படுகையையே அரித்தது.

சமவெளியின் நடுவே தனியாக நிற்கும் குன்றுக்கூட்டம் கைசர்ஷ்டூல். பள்ளத்தின் தரை மெலிந்து பிளந்த இடத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் வெடித்த எரிமலையின் எச்சம். அதன்மேல் பனியுகக் காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான தூசுமண். இன்று நிறையத் திராட்சைத் தோட்டங்கள். பிள்ளைகள் களைத்திருந்தால் இங்கே இரண்டு நாள் தங்கி, சைக்கிளில் சுற்றலாம்.

வடக்கே போகும் வழியில் பாடன்-பாடனில் 68 டிகிரி வரை சூடான ஊற்றுகள். ரோமர்கள் குளித்த நீர். பிளவுகள் வழியே ஆழத்தில் இறங்கிச் சூடேறித் திரும்பி வருவது. எதிர்க்கரையில் அல்சாஸின் பெஷல்புரோன் ஒரு பழைய எண்ணெய் வயல். ஷ்லும்பர்ஜர் சகோதரர்களின் குழு 1927-இல் அங்கே ஒரு துளைக்குள் மின்முனைகளை இறக்கிப் பாறைகளின் மின்தடையை ஆழத்துக்கு ஆழம் அளந்தது. தோண்டிய பாறையை வெளியே எடுக்காமலே அதன் தன்மையை அறியும் இந்த முறை பிறகு உலகத்தின் எண்ணெய்க் கிணறுகளுக்கெல்லாம் பரவியது.

டார்ம்ஷ்டாட் அருகே மெஸல் குழியைத் தவறவிடாதீர்கள். 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைவாய் ஏரி. அடியில் பிராணவாயு இல்லாத சேறு. அதில் விழுந்தவை அழுகவில்லை. நாய் அளவே இருந்த ஆதிக் குதிரைகள், வயிற்றில் குட்டியோடு. வௌவால்கள், பூச்சிகளின் பளபளக்கும் நிறம். இந்தப் பாறையில் ஏறத்தாழ 40 சதவீதம் நீர். வெளியே எடுத்துக் காயவிட்டால் புதைபடிவம் பொடியாகிவிடும். ஈரத்தோடு வைத்திருந்து பிசினுக்கு மாற்றுகிறார்கள். இந்தக் குழியைக் குப்பைக் கிடங்காக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. எதிர்ப்பு வென்றது, 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. குழிக்குள் வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஐஃபல் மலைப்பகுதியின் லாகர் ஸே ஏரி. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் பார்க்க, இங்கே எரிமலை வெடித்தது. சாம்பல் ஸ்வீடன் வரையும் வட இத்தாலி வரையும் விழுந்தது. குவிந்த நுரைக்கல் ரைனையே மறித்தது. கிழக்குக் கரையோரம் நடந்தால் நீரில் குமிழிகள் எழுவதைக் காணலாம்: ஆழத்துக் கரியமில வாயு. அதே வாயுதான் பக்கத்து ஆண்டர்னாக்கில் குளிர்நீரை 60 மீட்டர் உயரம் வரை பீய்ச்சுகிறது. அங்கே படகில் அழைத்துப் போவார்கள், குளிர்காலத்தில் கிடையாது. ஏரிக்கு அடியில், பத்து முதல் நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில், மெல்லிய அதிர்வுகளைக் கருவிகள் பதிவுசெய்திருக்கின்றன. அங்கே பாறைக்குழம்போ வாயுவோ நகர்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னும் ஒரு நாள் கையிலிருந்தால் கொலோனைத் தாண்டி வடமேற்கே செல்லுங்கள். பிளவின் வடகிளை அங்கே நெதர்லாந்துக்குள் போகிறது. 1992 ஏப்ரல் 13 அதிகாலையில் ரூர்மோண்ட் அருகே அது அசைந்தது. எல்லையின் இருபுறமும் புகைபோக்கிகள் விழுந்தன, வீடுகள் விரிசல் கண்டன. ரைன் பள்ளத்தின் இரு கரைகளும் விலகும் வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருந்தாலும் 1356-இல் பாசல் நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம், ஆல்ப்ஸுக்கு வடக்கே மத்திய ஐரோப்பா கண்டவற்றுள் மிகப் பெரியது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை நீங்கள் உறங்கிய முகாம்களில் பல, இந்தப் பிளவின் மேலேயோ அதன் விளிம்பிலோதான் இருந்திருக்கும்.