ஊர் நலமும் உடல் நலமும்

 



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், நோயாளிகளுக்காக துஆச் செய்யும்படி எழுதப்பட்ட சிறு காகிதத் துண்டுகள் இமாமின் கைக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் பெயர், என்ன நோய், எந்தத் தெரு என்று அதில் இருக்கும். பல்லாண்டுகளாக அவற்றை வாசித்து துஆச் செய்துவிட்டுக் கிழித்துப் போட்டு வந்தேன். ஓர் ஆண்டு மட்டும் அவற்றை ஓர் உறையில் சேர்த்து வைத்து, ரமளானுக்கு முன் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, ஓயாத காய்ச்சல், நெஞ்சுச் சளி, காசநோய் ஆகியவற்றில் பெரும்பகுதி இரண்டே இடங்களிலிருந்து வந்திருந்தது. ஒன்று, சாக்கடை வாய்க்காலை ஒட்டிய தெரு. மற்றொன்று, ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வாடகைக் குடியிருப்பு. பெரிய தெருவிலிருந்து வந்த துண்டுகளோ பெரும்பாலும் மூட்டுவலியும் இரத்த அழுத்தமும். அவையும் எழுபதைக் கடந்த பெரியவர்களுக்கு.

நோயும் சுகமும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்பது நமது ஈமான். அதில் எள்ளளவும் ஐயமில்லை. எனினும், ஒரே ஊரில், ஒரே பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கும் தூரத்தில், நோய் இரண்டு தெருக்களில் மட்டும் குடியிருக்கிறதென்றால், 'எல்லாம் கத்ர்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு அனுமதி உண்டா? இந்தக் கேள்விக்கு ஸஹாபாக்களின் காலத்திலேயே விடை கிடைத்திருக்கிறது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639இல், ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியது. பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் அது வரலாற்றில் அறியப்படுகிறது. ஷாமை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்தில் இச்செய்தியைக் கேட்டு, முஹாஜிர்களிடமும் அன்சாரிகளிடமும் குறைஷி முதியவர்களிடமும் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்து, ஓர் உவமையும் கூறினார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே அல்லவா என்பது அதன் கருத்து. பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். புகாரியில் இடம்பெறும் செய்தி இது.

நம் ஜும்ஆ பயான்களில் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். நானும் பலமுறை இத்தோடு நிறுத்தியிருக்கிறேன். இதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் இன்று கவனிக்க வேண்டும். படையினர் தங்கியிருந்த தாழ்வான, ஈரம் மிகுந்த பகுதியிலிருந்து மக்களை மேடான, தூய காற்றுள்ள நிலத்துக்கு அழைத்துச் செல்லுமாறு உமர் (ரலி) அவர்கள் அபூஉபைதா (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அபூஉபைதா (ரலி) அவர்களும், அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள், ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்காமல் மலைகளுக்குப் பிரிந்து செல்லுமாறு மக்களுக்கு உத்தரவிட்டார்கள். அதன்பின் நோய் தணிந்தது. இச்செயலை உமர் (ரலி) அவர்கள் வெறுக்கவில்லை. நோயாளிக்கு மருந்து தேடியதோடு நிற்காமல், அவர் படுத்திருக்கும் நிலத்தையும் நெருக்கத்தையும் அந்தத் தலைமுறை கேள்வி கேட்டது.

நம் காலத்துக்கும் நம் நாட்டுக்கும் வருவோம். இளம்பிள்ளை வாதத்தைப் பற்றிய செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,600 குழந்தைகள் இந்நோயால் தாக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர். அவர்களுள் முஸ்லிம் குழந்தைகளின் பங்கு மக்கள்தொகையில் நம் பங்கை விடப் பன்மடங்கு இருந்தது. முஸ்லிம்கள் சொட்டு மருந்தை மறுக்கிறார்கள், அது குழந்தைப்பேற்றைத் தடுக்கும் சதி என்று நம்புகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வதந்தி இருந்தது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

மீதிப் பாதியைக் கேளுங்கள். இளம்பிள்ளை வாதக் கிருமி மலத்தின் வழியாக நீரிலும் கையிலும் சேர்ந்து, மற்றொரு குழந்தையின் வாய்க்குள் போகிறது. சொட்டு மருந்தில் உள்ள பலவீனமாக்கப்பட்ட கிருமி குழந்தையின் குடலில் தங்கிப் பெருகினால்தான் எதிர்ப்பு சக்தி உண்டாகும். ஓயாத வயிற்றுப்போக்கும் வேறு கிருமிகளும் குடியிருக்கும் குடலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. மொராதாபாத் போன்ற மேற்கு உத்தரப் பிரதேச ஊர்களில், திறந்த சாக்கடைகளுக்கு நடுவே நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களில், பலமுறை சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் கால்கள் விளங்காமல் போயின. உத்தரப் பிரதேசத்திலும் பீஹாரிலும் இம்மருந்தின் ஒவ்வொரு தவணையும் பிற மாநிலங்களை விடக் குறைவாகவே பலன் தந்ததை மருத்துவ ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். பத்துத் தடவை கொடுத்தும் பிள்ளை முடமானதைக் கண்ட அண்டை வீட்டார் வதந்தியை நம்பியதில் வியப்பென்ன? சாக்கடை முதலில் மருந்தைத் தோற்கடித்தது. பிறகு மருந்தின் மீதிருந்த நம்பிக்கையையும் அடித்துக்கொண்டு போனது. இன்னொரு முறையீடும் அம்மக்களிடம் இருந்தது. குடிநீர் கேட்டால் யாரும் வருவதில்லை, காய்ச்சலுக்கு மருத்துவர் வருவதில்லை, சொட்டு மருந்துக்கு மட்டும் மாதந்தோறும் கதவைத் தட்டுகிறீர்களே, ஏன்? இதற்குப் பதில் சொல்வது யாருக்கும் எளிதாக இல்லை.

நிலைமை எப்படி மாறியது? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிறுவனங்கள் களமிறங்கின. ஆலிம்கள் வேண்டுகோள் விடுத்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. மேலும் பலன் தரும் புதிய வகைச் சொட்டு மருந்து 2010இல் வந்தது. இவற்றோடு, உத்தரப் பிரதேசத்தில் 66, பீஹாரில் 41 என நோய் விடாமல் தங்கியிருந்த 107 வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே கழிப்பறை, கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவற்றையும் சொட்டு மருந்தோடு சேர்த்துக் கவனித்தார்கள். 2009இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010இல் 42 ஆனது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் கண்ட ஒரு பெண் குழந்தைதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோயற்ற நாடென்று சான்றளிக்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தை 2024இல் காஸாவில் கண்டோம். குண்டுவீச்சில் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர் நிலையங்களும் நாசமாகி, கூடாரங்களுக்கு நடுவே கழிவுநீர் ஓடத் தொடங்கிய சில மாதங்களில், 25 ஆண்டுகளாக அங்கே இல்லாதிருந்த இளம்பிள்ளை வாதம் பத்து மாதக் குழந்தை ஒன்றின் காலை முடக்கியது.

இப்போது என் குறையொன்றைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் நம் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் அதற்கெதிராகக் குரல் பதிவுகள் சுற்றின. சுகாதாரச் செவிலியர் பள்ளிவாசலுக்கே வந்து ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்யுங்கள் ஹஜ்ரத் என்று கேட்டுக்கொண்டார். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் நிர்வாகத்தை நான் கேட்கவில்லை. வீண் சர்ச்சை எதற்கு என்று இரண்டு வெள்ளிக்கிழமைகளைக் கடத்திவிட்டேன், முகாம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் வாய்க்கால் தெருவில் தட்டம்மை கண்டது. நம் தாய்மார்கள் மணல்வாரி என்பார்களே, அதுதான். ஒரு குழந்தைக்கு நிமோனியாவாகி, பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பார்க்கப் போனபோது அதன் தாய், "நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்போமே ஹஜ்ரத்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை.

பெரிய தெருப் பிள்ளைகள் பலரும் அன்று அந்த ஊசியைப் போடவில்லை. ஆனால் அவர்களுக்குத் தனி அறை இருந்தது, நல்ல உணவு இருந்தது, காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் போகப் பணம் இருந்தது. என் மௌனத்துக்கு விலை கொடுத்தது வாய்க்கால் தெரு.

காசநோய் விஷயமும் இத்தகையதே. அதை மறைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்குப் பெண் கிடைக்காது என்ற பயத்தில் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்குவோர் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். பாதியில் நிறுத்திவிடுவோரும் இருக்கிறார்கள். தட்டைத் தனியாக வைப்பதால் இந்நோய் நிற்காது. அது காற்றில் பரவுவது. 1950களில் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு, நெருக்கமான ஏழை வீடுகளிலேயே தங்கி மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களைப் போலவே குணமடைவதை உலகுக்குக் காட்டியது. நோயாளியை வீட்டை விட்டு விரட்ட வேண்டியதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வீட்டிலுள்ள மற்றவர்களைக் காப்பது எப்படி? 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் அவசியம் அறிய வேண்டியது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரிடையே இது நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருட்கள் தரப்பட்டன. ஒரு பகுதி வீடுகளில் மட்டும் நோயாளியோடு சேர்த்து மொத்தக் குடும்பத்துக்கும் அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப் பொருட்கள் தரப்பட்டன. அந்த வீடுகளில் புதிதாக நோய் தொற்றுவது 39 சதவீதம் குறைந்தது. குறைத்தது விலையுயர்ந்த மருந்தல்ல. ரமளானில் நாம் பையில் கட்டிக் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பொருட்கள்தான். நாம் அதை ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறோம், அந்த வீடுகளுக்கோ மாதந்தோறும் போனது. ஜகாத்தைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா, பொருளாகக் கொடுக்கலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகாவில் அந்தச் சிக்கல் இல்லை. முஸ்லிமல்லாத அண்டை வீட்டு நோயாளிக்கும் அதிலிருந்து கொடுக்கலாம்.

உணவைப் பற்றிப் பேசும்போது வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 67 சதவீதம். ஆண்கள் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், சட்டியின் அடியில் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை எந்த ஹதீஸும் நமக்குக் கற்றுத்தரவில்லை. இரத்தமில்லாத தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் எளிதில் ஆளாகிறது.

முதியோரைப் பற்றி ஒன்றே ஒன்று. கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் மூதாட்டிகள், வெளியே போகக் கூடாது என்றெண்ணிச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்க்கும் மருத்துவரிடம் போகாமல், மாத்திரை தீர்ந்த பிறகும் சும்மா இருந்துவிடுகிறார்கள். அவசியமான சிகிச்சைக்காக இத்தாவிலும் வெளியே செல்ல மார்க்கம் அனுமதிக்கிறது. பிள்ளைகளே, இதை உங்கள் உம்மாவிடம், பாட்டியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் தனி மனிதருக்குச் சொல்லப்பட்டவை என்றே நாம் பாடம் நடத்துகிறோம். ஓர் ஊரே தன் கழிவை வாய்க்காலில் திறந்துவிட்டு, அதன் ஓரத்தில் ஏழைகளைக் குடிவைத்தால் அந்த எச்சரிக்கை யாரைச் சேரும் என்பதை நிர்வாகிகளும், என்னைப் போன்ற இமாம்களும் யோசிக்க வேண்டும். பெரிய தெரு வீடுகளின் கழிவுக் குழாய்களும், நம் பள்ளிவாசலின் கழிவுக் குழாயும் அந்த வாய்க்காலில்தான் விழுந்துகொண்டிருந்தன. இதை நான் கண்டறிந்ததே அந்தக் காகிதத் துண்டுகளை அடுக்கிப் பார்த்த பிறகுதான்.

பள்ளிவாசலுக்குக் கழிவுநீர்த் தொட்டி கட்டியாயிற்று. பைத்துல்மாலிலிருந்து நான்கு காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு, பெயர் வெளியே தெரியாமல், சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் உணவுப் பொருட்கள் போகின்றன. முகாம் எதுவாயினும் முதல் வெள்ளியன்றே மிம்பரில் அறிவிக்கிறேன். வாய்க்காலை மூடித் தருமாறும், அதை ஒட்டியே செல்லும் குடிநீர்க் குழாயை மாற்றித் தருமாறும் நகராட்சிக்கு இரண்டு முறை மனுக் கொடுத்தோம். இன்னும் வேலை தொடங்கவில்லை. மூன்றாவது மனு தயாராகிறது. அந்தத் தெருவிலுள்ள முஸ்லிமல்லாத பதினான்கு குடும்பத்தாரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பெரிய தெருவிலிருந்து இன்னும் ஒன்பது வீட்டார் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.