டுரியான் விளையாட்டு ஏன் உறைந்துபோனது?

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் படிவம் 4 மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் ஒரு விளையாட்டைச் செய்தாள். மேலிருந்து டுரியான் பழங்கள் விழும். கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். தொடங்கியதும் அழகாக ஓடியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் பழங்கள் தடுமாறித் தடுமாறி விழுந்தன. பிறகு மடிக்கணினியே உறைந்துபோனது. எத்தனை முறை ஓட்டினாலும் இதே கதைதான்.

புத்தாக்கப் போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது. "எனக்கு நிரலாக்கம் வராது டீச்சர். என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றாள்.

நான் கற்பிப்பது அறிவியல். கணினிக் கழகத்தைப் பொறுப்பாசிரியராகப் பார்த்துக்கொள்கிறேன். அவளுடைய நிரலை வரி வரியாகப் படித்தேன். பைத்தான் விதிப்படி ஒரு வரிகூடத் தவறில்லை. பிழை, பைத்தானுக்கும் இன்னொரு மொழிக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஏன் இரண்டு மொழிகள்?

மாணவர்களே, 800 புள்ளி அகலமும் 450 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சிறிய விளையாட்டுச் சாளரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 360,000 புள்ளிகள் உள்ளன. படம் நகர்வதுபோல் தெரிய, ஒரு விநாடிக்கு 60 முறை புதிதாக வரைய வேண்டும். அப்படியானால் ஒரு விநாடிக்கு 21.6 மில்லியன் புள்ளிகள்!

பைத்தான் எழுதுவதற்கு எளிது. ஆனால், நாம் எழுதும் ஒவ்வொரு கட்டளையையும் ஓடும் நேரத்தில் இன்னொரு நிரல் படித்து நிறைவேற்றுகிறது. அதனால் வேகம் குறைவு. சி மொழியில் எழுதிய நிரலோ முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடும். எனவே வேகம் அதிகம். படம் வரையும் நிரல் நூலகங்கள் பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில் எழுதப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எங்கள் மாணவி பயன்படுத்திய நூலகத்தின் பெயர் ரேலிப். ரமோன் சாந்தமரியா என்பவர் 2013-இல் இதைத் தொடங்கினார். அப்போது அவர் விளையாட்டு உருவாக்கம் கற்பிக்கும் ஆசிரியர். நிரலாக்க அனுபவமே இல்லாத, ஓவியத் துறை மாணவர்களுக்காகச் சி மொழியில் எளிமையாக எழுதினார். இன்று அதில் 500க்கும் மேற்பட்ட செயற்கூறுகள் உள்ளன. வட்டம் வரை, படம் ஏற்று, ஒலி எழுப்பு என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயற்கூறு.

இத்தனையையும் பைத்தானில் மறுபடி எழுத முடியுமா? முடியும். ஆனால் வேகம் போய்விடும். ரேலிப்பின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் எல்லாவற்றையும் மீண்டும் திருத்த வேண்டும். எனவே சி நிரலை அப்படியே விட்டுவிட்டு, பைத்தானிலிருந்து அதை அழைப்பதற்கு மட்டும் ஒரு பாலம் கட்டுகிறார்கள். நிரலாளர்கள் இதை 'பைண்டிங்' என்கிறார்கள். ரேலிப்புக்கு 60க்கும் மேற்பட்ட மொழிகளில் இத்தகைய பாலங்கள் இருக்கின்றன.

பாலத்தின் வேலை என்ன?

விண்டோஸ் கணினியில் ரேலிப் ஒரு 'டிஎல்எல்' கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பைத் திறப்பது, வேண்டிய செயற்கூறைப் பெயர் சொல்லித் தேடுவது, அதற்குரிய மதிப்புகளைச் சரியான இடத்தில் வைப்பது, பிறகு வேலையை அதனிடம் ஒப்படைப்பது. இவைதான் பாலத்தின் வேலை. பைத்தானில் இதற்கென்றே 'சிடைப்ஸ்' என்ற கருவி 2006 முதல் உடன்வருகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? சிக்கல் இங்கேதான். அந்தக் கோப்பில் செயற்கூறின் பெயர் இருக்கும். அது எந்த வகை மதிப்புகளை எதிர்பார்க்கிறது என்ற விவரம் இருக்காது. அதைப் பாலம் கட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

வட்டம் வரையும் செயற்கூறைப் பாருங்கள். மையப்புள்ளிக்கு இரண்டு முழு எண்கள், ஆரத்துக்கு ஒரு தசம எண், பிறகு ஒரு நிறம் ஆகியவற்றை அது கேட்கிறது. கணினிக்குள் 50 என்ற முழு எண்ணும் 50.0 என்ற தசம எண்ணும் ஒன்றல்ல. 50.0 என்பதைக் குறிக்கும் அதே 32 பிட்டுகளை முழு எண்ணாக வாசித்தால் 1,112,014,848 வரும்! வகையை மாற்றிச் சொல்லிவிட்டால், சி மொழி கேள்வி கேட்காது. கிடைத்ததை வைத்து வேலையைத் தொடங்கிவிடும்.

நிறமும் அப்படித்தான். ரேலிப்பில் ஒரு நிறம் என்பது 4 பைட்டுகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகாத் தன்மை என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பாலத்தில் சிவப்பையும் நீலத்தையும் தவறுதலாக இடம் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? மஞ்சள் நிறத்தில் சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. இடம் மாறியதும் சிவப்பு 0, பச்சை 255, நீலம் 255 ஆகிவிடும். உங்கள் மஞ்சள் கூடை திரையில் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது.

500க்கும் மேற்பட்ட செயற்கூறுகளுக்கு இப்படிக் கையால் எழுதினால் எங்காவது தவறு நேரும். அதனால் ரேலிப், தன் செயற்கூறுகளின் பெயர்களையும் மதிப்பு வகைகளையும் ஒரு பட்டியலாகவே தருகிறது. பாலம் கட்டுபவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து பெரும்பகுதியைத் தானியக்கமாக உருவாக்கிக்கொள்ளலாம்.

டோக்கனும் பையும்

இப்போது டுரியானுக்கு வருவோம். எங்கள் மாணவி பயன்படுத்திய பாலத்தில் மதிப்பு வகைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அப்படியானால் கணினி ஏன் உறைந்தது?

பேரங்காடிக்குப் போகிறீர்கள். வாசலில் உங்கள் பெரிய பையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சிறிய டோக்கனைக் கொடுக்கிறார்கள். ரேலிப்பும் இதைத்தான் செய்கிறது. படத்தை ஏற்றச் சொன்னால், அது படத்தை வரைகலைச் செயலியின் நினைவகத்தில் வைத்துவிட்டு, பைத்தானிடம் ஒரு டோக்கனை மட்டும் தருகிறது. அந்த டோக்கனில் அடையாள எண், அகலம், உயரம் முதலிய ஐந்து எண்கள் இருக்கும். மொத்தம் 20 பைட்டுகள்தான்.

பையின் அளவு என்ன? டுரியான் படம் 512 புள்ளி அகலம், 512 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட்டுகள். 512 × 512 × 4 = 1,048,576 பைட்டுகள். அதாவது 1 மெகாபைட்.

மாணவி, படத்தை ஏற்றும் கட்டளையை விளையாட்டின் சுழற்சிக்குள் எழுதியிருந்தாள். அந்தச் சுழற்சி விநாடிக்கு 60 முறை ஓடும். விநாடிக்கு 60 மெகாபைட். ஒரு நிமிடத்தில் 3,600 மெகாபைட். அவளுடைய மடிக்கணினியின் மொத்த நினைவகமே 4 கிகாபைட்தான். வரைகலைச் செயலிக்கென்று தனி நினைவகமும் அதில் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் உறைந்ததில் வியப்பில்லை.

"ஆனால் டீச்சர், பயன்படாததைப் பைத்தான் தானே அழித்துவிடும் என்று படித்தோமே?" என்று கேட்டாள்.

மிக நல்ல கேள்வி. பைத்தான் அழிக்கத்தான் செய்தது. பழைய டோக்கன் தேவையில்லை என்று தெரிந்ததும் உடனே கிழித்துப்போட்டது. ஆனால் பைத்தானுக்குத் தெரிந்தது அந்த 20 பைட்டுகள் மட்டுமே. அலமாரியில் இருக்கும் பையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ரேலிப்புக்கோ டோக்கன் கிழிந்த செய்தி தெரியாது. யாரோ வந்து பையைக் கேட்பார்கள் என்று காத்திருந்தது. இரண்டு மொழிகளும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. ஆனால் பைகள் மட்டும் குவிந்தன.

ஒரு சிறிய பரிசோதனை

இது வெறும் ஊகமாக இருக்கக் கூடாது என்பதால் சோதித்துப் பார்த்தோம். விண்டோஸின் பணி மேலாளரைத் திறந்து, விளையாட்டை ஓடவிட்டோம். விசைப்பலகையைத் தொடவே இல்லை. நினைவகக் கோடு மாடிப்படிபோல் ஏறிக்கொண்டே போனது. அடுத்து, படம் ஏற்றும் ஒரே ஒரு வரியை மட்டும் சுழற்சிக்கு மேலே நகர்த்தினோம். மற்ற எதையும் மாற்றவில்லை. கோடு சமமாக நின்றது. தொடக்கப்பள்ளியிலேயே நீங்கள் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் இங்கேயும் பயன்படுகின்றன, பார்த்தீர்களா?

பிறகு நிரலின் முடிவில், படத்தை விடுவிக்கும் கட்டளையையும் சேர்த்தாள். டோக்கனைக் கொடுத்துப் பையைத் திரும்ப வாங்கும் வேலை அது. ஏற்றுவது ஒரு முறை, விடுவிப்பது ஒரு முறை. போட்டி நாளன்று விளையாட்டு காலை முழுவதும் நிற்காமல் ஓடியது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் ஒருவர் "நினைவகத்தை எப்படிக் கவனித்தாய்?" என்று கேட்டபோது, டோக்கன் கதையை அவளே அழகாகச் சொன்னாள்.

யார் விடுவிக்க வேண்டும்?

பைத்தான் டோக்கனைக் கிழிக்கும்போதே பையையும் எடுத்துவிடுமாறு பாலத்தைக் கட்ட முடியாதா என்று நீங்கள் நினைக்கலாம். முடியும். ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. விளையாட்டுச் சாளரத்தை மூடிய பிறகு பைத்தான் டோக்கனைக் கிழித்தால்? அதற்குள் கடை பூட்டியிருக்கும். பூட்டிய கடையில் பையை எடுக்கப் போனால் நிரல் முறிந்து விழக்கூடும். ஆகவே பாலம் கட்டுபவர் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்ய வேண்டும்: விடுவிக்கும் பொறுப்பு பாலத்துடையதா, பாலத்தைப் பயன்படுத்துபவருடையதா? அந்த முடிவைக் கையேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். பயன்படுத்தும் நாம் அதைப் படிக்க வேண்டும்.

உங்கள் நிரலும் காரணமில்லாமல் தடுமாறினால், "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது எந்த மொழியில் எழுதப்பட்ட நூலகத்தை அழைக்கிறது, அங்கே எதை வைத்துவிட்டு வருகிறது என்று முதலில் பாருங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்

1024 × 1024 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை, விநாடிக்கு 60 முறை, விடுவிக்காமல் ஏற்றினால், 2 கிகாபைட், அதாவது 2,048 மெகாபைட் நினைவகம் எத்தனை விநாடிகளில் நிரம்பும்? ஒரு புள்ளிக்கு 4 பைட்டுகள் என்பதை மறவாதீர்கள். விடை 9 விநாடிகளுக்கும் குறைவாக வந்தால் உங்கள் கணக்கு சரி.