குச்சியில் ஏறும் திரவம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கிடலாம்!

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, நடுவில் ஒரு குச்சியை வேகமாகச் சுழற்றினால் குச்சியைச் சுற்றிப் பள்ளம் விழும். தண்ணீருக்குப் பதில் முட்டையின் வெள்ளைக் கருவை எடுத்துக் கொள்ளுங்கள். அது குச்சியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். இதற்கு வைசன்பர்க் விளைவு என்று பெயர். உருகிய பிளாஸ்டிக், பெயிண்ட், ஷாம்பு எனப் பல திரவங்களும் ஓரளவு இந்த வகைதான். தேன் போல மெதுவாக ஓடும். ரப்பர் போல இழுத்துப் பழைய நிலைக்குத் திரும்பவும் பார்க்கும். இவற்றை விஸ்கோஎலாஸ்டிக் திரவங்கள் என்கிறார்கள்.

இந்த ஓட்டத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கிட முடியுமா? முடியும். அதற்கான ஓப்பன்ஃபோம் என்னும் புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ரியோடூல் என்ற இலவசத் தொகுப்பை இதனுடன் சேர்த்துக் கொள்ளலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். வசதி மூலம் இவற்றைப் பயன்படுத்தலாம். விடையைப் படமாகக் காண பாராவியூ உள்ளது.

கணக்கு எவ்வளவு பெரியது?

திரவம் ஓடும் இடத்தைக் கம்ப்யூட்டர் ஒரு வலை போலச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கொள்கிறது. தண்ணீர் என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்திற்கு 3, அழுத்தத்திற்கு 1 என நான்கு எண்கள் போதும். விஸ்கோஎலாஸ்டிக் திரவத்திற்கு இழுவிசையைக் குறிக்கும் தகைவு எண்கள் 6 கூடுதலாக வேண்டும். மொத்தம் 10. பத்து லட்சம் கட்டங்கள் என்றால் இந்த எண்களுக்கு மட்டுமே சுமார் 80 மெகாபைட் தேவை. கணக்கின் இடையில் தேவைப்படும் இடம் இதைப்போல் பல மடங்கு. எனவே இரு பரிமாணக் கணக்கில் தொடங்குவதே நல்லது.

நான் எடுத்துக்கொண்டது இத்துறையில் எல்லோரும் சோதித்துப் பார்க்கும் ஒரு கணக்கு: அகலமான வழி, நான்கில் ஒரு பங்காகத் திடீரெனக் குறுகுகிறது. திரவத்திற்கு 1950-ல் ஜேம்ஸ் ஓல்ட்ராய்ட் தந்த ஓல்ட்ராய்ட்-பி மாடலைக் கொடுத்தேன். இது திரவத்தில் உள்ள நீண்ட மூலக்கூறுகளை, இரு மணிகளை இணைக்கும் ஸ்பிரிங்குகளாகக் கருதுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வைசன்பர்க் எண். இழுபட்ட திரவம் தளர்வதற்கு ஆகும் நேரத்தை, அது இழுபடும் வீதத்தால் பெருக்கினால் இந்த எண் வரும். தளரும் நேரம் 0.1 விநாடி, வீதம் விநாடிக்கு 20 என்றால் வைசன்பர்க் எண் 2.

ஏன் பாதியில் நிற்கிறது?

எண் சிறியதாக இருந்தவரை கணக்கு ஒழுங்காக முடிந்தது. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனபோது, "ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன்" என்ற செய்தியுடன் புரோகிராம் நின்றுவிட்டது. இது வைரஸ் அல்ல. ராம் பழுதும் அல்ல. 1970-கள் முதல் ஆராய்ச்சியாளர்களைத் திணறடித்த சிக்கல் இது. குறுகும் மூலையருகே தகைவு மிகச் சிறு தூரத்திற்குள் செங்குத்தாக உயர்கிறது. வலையின் கட்டங்களால் அந்த ஏற்றத்தைப் பிடிக்க முடிவதில்லை.

இதற்கு 2004-ல் ஃபட்டால், கூப்பர்மன் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். மூலக்கூறுகள் எவ்வளவு நீண்டுள்ளன என்பதைக் குறிக்கும் அளவை நேரடியாகக் கணக்கிடாமல், அதன் லாகரிதத்தைக் கணக்கிட்டார்கள். பள்ளியில் படித்த அதே லாகரிதம்தான்! செங்குத்தான ஏற்றம் சாய்வாகிவிடுகிறது. ரியோடூலில் இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததும் கணக்கு நிற்காமல் ஓடியது.

படத்தை நம்பலாமா?

கணக்கு முடிந்துவிட்டது என்பதாலேயே விடை சரி என்று ஆகிவிடாது. என் படத்தில் குறுகலான வழியின் விளிம்பில் ஒரு சிறு சுழல் அழகாகத் தெரிந்தது. கட்டங்களை நெருக்கமாக்கி மறுபடி ஓட்டியதும் அது சுருங்கிவிட்டது. அதாவது நான் பார்த்த சுழலில் ஒரு பகுதி திரவத்தினுடையது அல்ல, வலையினுடையது. பிளாஸ்டிக் அச்சு செய்பவர் முதல் படத்தை நம்பினால் அச்சே வீணாகலாம்.

ஆகவே எந்தக் கணக்கையும் குறைந்தது மூன்று வலைகளில் ஓட்டி ஒப்பிடுங்கள். கட்டத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும். காலப்படியும் பாதியாவதால் வேலை சுமார் 8 மடங்காகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம்.

மாடலுக்கும் எல்லை உண்டு. ஓல்ட்ராய்ட்-பி ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் அறாது, எல்லையின்றி நீளும். உண்மை மூலக்கூறு அப்படி நீளாது. பலமாக இழுபடும் ஓட்டங்களுக்கு 1982-ல் வந்த கீசெகஸ் போன்ற மாடல்களைப் பயன்படுத்துங்கள்.

திரையில் வண்ணப் படம் வந்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அடுத்த வலையிலும் அதே படம் வருகிறதா என்று பார்த்த பிறகு மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.