அலை அடித்தது, சேதி சொன்னது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உல்லாசப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் மாமல்லபுரத்தோடு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம். அதை ஒட்டினாற்போல் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டையும், வாசலில் இரண்டு பழைய பீரங்கிகளும், உள்ளே அவர்களுடைய கல்லறைகளும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. கோட்டையின் கதையை எழுத இந்தப் பக்கம் போதாது. நாம் பேச வந்த விஷயமும் வேறு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. நம் கரையில் பேரலை மோதியபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் கரையோரத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்வாரில்லை! கல்பாக்கத்தில் கடல்நீர் அணுமின் நிலையத்தின் பம்பு அறைக்குள் புகுந்தது. ஊழியர்கள் உடனே உலையை நிறுத்தினார்கள். உலை பிழைத்தது, ஊழியர் குடியிருப்பிலும் மீனவர் குப்பங்களிலும் பல உயிர்கள் பிழைக்கவில்லை.

வெளியூரில் இருந்த பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தொலைபேசி கிடைக்கவில்லை. தினசரிப் பத்திரிகை மறுநாள் காலையில்தான் வரும். தொலைக்காட்சியோ காட்டிய காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. "எங்கள் தெரு என்னவாயிற்று?" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது?

அந்த வேளையில்தான் வலைப்பூக்காரர்கள் வந்தார்கள். வலைப்பூ என்றால் என்ன என்று பாட்டிமார்களுக்கு விளக்க வேண்டுமோ என்று யோசித்தேன். வேண்டாம், இன்றையப் பாட்டிமார்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரிகிறது! பம்பாயில் பீட்டர் கிரிஃபின், ரோஹித் குப்தா, தீனா மேத்தா என்ற மூவர் அன்றைக்கே ஒரு வலைப்பூவைத் தொடங்கினார்கள். காணாமற்போனவர் விவரம், எங்கே என்ன உதவி தேவை, யாரிடம் கொடுப்பது என்று இரவும் பகலும் அதில் சேதிகள் ஏறின. பல நாட்டுத் தொண்டர்கள் கை கொடுத்தார்கள். பல லட்சம் பேர் வந்து படித்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்த ஒருவர், அழிந்த கரையிலிருந்து கைப்பேசியில் குறுஞ்செய்தியாகத் தட்டி அனுப்பியதும் வலைப்பூவில் ஏறியது. அமித் வர்மா என்பவர் நிவாரணத் தொண்டர்களோடு நம் தமிழ்க் கரையோரமே பிரயாணம் செய்து, கண்டதைத் தம் வலைப்பூவில் எழுதினார்.

இதெல்லாம் பத்திரிகைத் தொழிலாகுமா? "ஆகாது, ஆசிரியர் இல்லை, அச்சகம் இல்லை, கேட்பார் இல்லை" என்பது எங்கள் தொழிலில் பலருடைய அபிப்பிராயம். பட்டியல் தொகுத்தது பெருந்தொண்டு. அதை நிருபர் வேலை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால், நேரில் போய், பார்த்து, விசாரித்து எழுதியவரை வேறு என்ன பெயரால் அழைப்பது?

கேட்பார் இருந்தால் மட்டும் தவறு நேராதா என்ன? அதே வாரம், டிசம்பர் 30-ஆம் தேதி, மறுபடியும் பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை எச்சரித்தது. தொலைக்காட்சிகள் அதை முழங்கின. பிணங்களை அடக்கம் செய்து ஈரம் காயாத கரையிலிருந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிவாரண வேலை நின்றது. அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன ஆரூடமே அதற்கு ஆதாரம் என்று பிறகு தெரிந்தது. விஞ்ஞான மந்திரியே அன்று அதை மறுத்துப் பேசவேண்டியதாயிற்று. முத்திரை இருந்தது, பதவி இருந்தது, நிலையங்கள் இருந்தன, "இதை யார் சொன்னார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க மட்டும் ஒருவர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் கையில் காகிதம் இருந்தால் என்ன, கைப்பேசி இருந்தால் என்ன?

1878-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டின் நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தூற்றின. அதற்குப் பதில் சொல்லக் கிளம்பிய ஆறு பேரில் இருவர் உபாத்தியாயர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் 'ஹிந்து'. அன்று அவர்களில் யாரிடமும் நிருபர் அடையாளச் சீட்டு இருந்திருக்காது!

சட்டம் இதில் இன்னும் தயங்குகிறது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம், பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்ப்பவரையே பத்திரிகையாளர் என்றது. 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிகள் இணையச் செய்தி வெளியிடுவோரைக் கட்டுப்படுத்துகின்றன. தொழிலாகவோ வியாபாரமாகவோ செய்யாத தனி மனிதரை விட்டுவிடுகின்றன. கட்டுப்பாடு இல்லை என்று அவர் சந்தோஷப்படலாம். நிருபர் என்ற அங்கீகாரமும் அவருக்கு இல்லை. அமெரிக்காவில் 2014-ல் ஓர் அப்பீல் கோர்ட்டு, அவதூறு வழக்கில் பத்திரிகைக்கு உள்ள பாதுகாப்பு வலைப்பூ எழுதுகிறவருக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்துகொண்டு இதை யோசித்தால் விஷயம் உறைக்கும். பக்கத்தில் அணு உலை. 1962-ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டம், அதைப் பற்றிய சில தகவல்களை வெளியிடச் சர்க்கார் தடை போட இடம் கொடுத்தது. மீறினால் தண்டனை உண்டு என்றது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் விபரீதமாகப் பின்வாங்கினால், முதலில் பார்க்கப்போகிறவர் குப்பத்து மீனவர்தான். சென்னையிலிருந்து நான் அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் எழுதியதில் தகராறு வந்தால் எனக்காகப் பேச ஆசிரியர் இருக்கிறார், வக்கீலும் இருக்கிறார். கைப்பேசியோடு கரையில் நிற்கும் அந்த மீனவருக்கு அப்படி யாரும் இல்லை.